திருட்டு, வழிப்பறி, கையாடல், மோசடி: புகார் எழுதும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொஞ்ச நாள் முன்பு ஒரு அக்கா என் அலுவலகத்துக்கு வந்து, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்ததைப் பிரித்து மேசையில் வைத்தார். அறுந்த தாலிச் செயினின் கால்வாசித் துண்டு, இரண்டு குண்டு, ஒரு மாங்கல்யம். மீதி நாலு பவுன் பைக்கில் வந்தவன் கையோடு போய்விட்டது. கழுத்தில் சிவப்புக் கோடு இன்னும் ஆறவில்லை. ஸ்டேஷனில் கொடுத்த புகாரின் நகலை வாங்கிப் பார்த்தேன், ‘என் தாலிச் செயின் காணாமல் போய்விட்டது, கண்டுபிடித்துத் தரவும்’ என்று ஒரே வரி. “இப்படித்தான் எழுதச் சொன்னாங்க வக்கீலம்மா” என்றார்.

காணாமல் போனால் அது குற்றமே இல்லை. பறித்தால் மூன்று வருடம் வரை சிறை. பறிக்கும்போது வேண்டுமென்றே காயப்படுத்தினால் ஆயுள் தண்டனை வரை போகலாம். ஒரே சம்பவம்தான், எழுதுகிற வார்த்தையில் இவ்வளவு மாறுகிறது. சொத்து சம்பந்தமான குற்றங்களைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்து வைக்கிறேன், புகார் எழுதும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். சொல்வதெல்லாம் இந்தியச் சட்டம், அதிலும் தமிழ்நாட்டு நடைமுறை.

ஐ.பி.சி. 379 என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம், இப்போது 303 என்கிறார்களே?

இரண்டும் திருட்டுதான். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) போய் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். வந்துவிட்டது. குற்றம் நடந்த தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் நடந்திருந்தால் பழைய 379, அன்றோ அதற்குப் பின்னாலோ என்றால் 303. புகார் கொடுத்த தேதி இதில் கணக்கில்லை. திருட்டு என்பதற்கான விளக்கம் பெரிதாக மாறவில்லை, 1860-ல் சட்டத்தில் எழுதி வைத்த உதாரணங்கள்கூட அப்படியே இருக்கின்றன. மாறியது தண்டனையில் சில, புதிதாக வந்தது பறிப்புக்கு ஒரு தனிப் பிரிவு.

சரி, சட்டப்படி எதெல்லாம் இருந்தால் திருட்டு?

ஐந்து விஷயம் சேர வேண்டும். பொருள் அசையும் பொருளாக இருக்க வேண்டும். அது இன்னொருவர் வசம் இருக்க வேண்டும். அவர் சம்மதம் இருக்கக் கூடாது. எடுப்பவர் மனதில் நேர்மையில்லாத எண்ணம் இருக்க வேண்டும், அதாவது தனக்கோ வேறு யாருக்கோ முறையில்லாத லாபம், அல்லது அடுத்தவருக்கு முறையில்லாத நஷ்டம். கடைசியாக, அந்த எண்ணத்தோடு பொருளை இருந்த இடத்திலிருந்து நகர்த்த வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது திருட்டு இல்லை, வேறு குற்றமாக இருக்கலாம், குற்றமே இல்லாமலும் போகலாம்.

‘சொந்தம்’ என்ற சொல்லை நான் எங்குமே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘வசம்’ என்றுதான் சொல்கிறேன். பாதிக் குழப்பம் இங்கேதான் வருகிறது, கீழே அதற்கு வருகிறேன்.

தண்டனை மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஏற்கெனவே திருட்டில் தண்டனை பெற்றவர் மறுபடி மாட்டினால் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் கடுங்காவல், அபராதமும் உண்டு.

பொருள் வீட்டை விட்டே போகவில்லை, எங்கோ ஒளித்துத்தான் வைத்திருந்தாள். அதுவும் திருட்டா?

ஆமாம், எண்ணம் இருந்தால். சட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது: ஒருவர் வீட்டு மேசையில் மோதிரம் கிடக்கிறது, உடனே எடுத்துப்போனால் சோதனையில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, பரபரப்பு அடங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என அதே வீட்டில் ஒரு மூலையில் ஒளித்து வைக்கிறான். முதன்முதலில் மோதிரத்தை நகர்த்திய நிமிடமே திருட்டு முடிந்துவிட்டது. இன்னொரு உதாரணத்தில் மாடு ஒன்று புதையல் பெட்டியைச் சுமந்துகொண்டு போகிறது, அதை ஒருவன் தன் பக்கமாக ஓட்டுகிறான். மாடு கால் எடுத்து வைத்ததுமே புதையல் திருடப்பட்டதாகிறது, அவன் பெட்டியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. ஆட்டை மந்தையிலிருந்து பிரித்து ஓட்டினாலும் கணக்கு இதேதான். ‘பாதி வழியிலேயே பிடித்துவிட்டோம், அதனால் முயற்சி மட்டும்தான்’ என்று சிலர் சொல்வது சரியில்லை.

“எடுத்தேன், ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டேனே?”

எடுத்த நேரத்தில் உங்கள் மனதில் என்ன இருந்தது என்பதைத்தான் சட்டம் கேட்கும். திருப்பிக் கொடுத்ததைத் தண்டனையைக் குறைக்கச் சொல்லலாம், குற்றத்தை அது அழிக்காது.

இதில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை வக்கீல்கள் எல்லாரும் சொல்வோம். ஒன்று 1957-ல் வந்த மெஹ்ரா வழக்கு. 1952-ல் ஜோத்பூரில் விமானப்படைப் பயிற்சியில் இருந்த இளைஞர்கள் இரண்டு பேர் அனுமதியில்லாமல் ஒரு ஹார்வர்டு விமானத்தை எடுத்துக்கொண்டு பறந்து பாகிஸ்தானில் போய் இறங்கிவிட்டார்கள். வழி தவறிவிட்டது என்று வாதம். விமானத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்தான். ஆனாலும் அனுமதியில்லாமல் தற்காலிகமாக எடுத்துப் பயன்படுத்தியதே அரசுக்கு முறையில்லாத நஷ்டம், அவர்களுக்கு முறையில்லாத லாபம் என்று நீதிமன்றம் திருட்டை உறுதிசெய்தது, தண்டனையை மட்டும் சிறையில் இருந்த காலத்தோடு நிறுத்திக்கொண்டது.

இரண்டாவது 1963-ல் பியாரே லால் பார்கவா வழக்கு. ராஜஸ்தானில் ஒரு அரசு அலுவலகக் கண்காணிப்பாளர் நண்பருக்காக ஒரு கோப்பை வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாளே அலுவலகத்தில் வைத்துவிட்டார். ஒரே ஒரு ராத்திரி. அதுவும் திருட்டு என்றது நீதிமன்றம். பக்கத்து வீட்டுக்காரர் பைக்கைக் கேட்காமல் எடுத்துப்போய்விட்டு ‘சும்மா ஒரு ரவுண்டுதான்’ என்று சொல்கிற பையன்களின் அப்பாக்களுக்கு நான் இந்த இரண்டையும் சொல்லிவிடுவது வழக்கம்.

என் சொந்தப் பொருளையே நான் எடுத்தால் எப்படித் திருட்டு ஆகும்?

ஆகும், வசம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பைக்கை மெக்கானிக்கிடம் விட்டீர்கள், வேலை முடிந்தது, 3,500 ரூபாய் கூலி பாக்கி. பணம் தராமல் ராத்திரியில் இன்னொரு சாவி போட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். ஆர்.சி. புத்தகம் உங்கள் பெயரில்தான் இருக்கிறது, ஆனாலும் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு, அந்த உரிமையை ஏய்த்துவிட்டு எடுத்ததால் திருட்டு. அடகு வைத்த நகையைக் கடனை அடைக்காமல் கடைக்காரருக்குத் தெரியாமல் எடுத்து வந்தாலும் இதேதான். கூலி பாக்கி எதுவும் இல்லை, அவர் வீணாகப் பிடித்து வைத்திருக்கிறார், நீங்கள் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தீர்கள் என்றால் திருட்டு வராது. அடிதடிக்கும் அத்துமீறி நுழைந்ததற்கும் வேண்டுமானால் வழக்கு வரலாம்.

இதை அப்படியே திருப்பிப் போட்டால், ‘என்னுடையது’ என்று ஒருவர் உண்மையாகவே நம்பி எடுத்தால் அது திருட்டு ஆகாது, நேர்மையில்லாத எண்ணம் இல்லை என்பதால். பங்காளிகளுக்குள் வரப்பு ஓரத் தென்னையில் யார் தேங்காய் பறிப்பது என்ற சண்டை பெரும்பாலும் இந்த வகை. ஸ்டேஷனில் திருட்டுப் புகார் கொடுத்து ஒருவரை ஒருவர் அலைய வைக்கிறார்கள், கடைசியில் சர்வேயர் வந்து அளந்து, உரிமையியல் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியதாக இருக்கும். ஆனால் நம்பிக்கை உண்மையாக இருக்க வேண்டும். தீர்ப்பு எதிராக வந்த பிறகும் ‘நம்பினேன்’ என்று சொல்ல முடியாது.

தவணை கட்டவில்லை என்று ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். திருட்டுப் புகார் கொடுக்கலாமா?

கொடுக்கிறார்கள், பெரும்பாலும் நிற்பதில்லை. தவணை தவறினால் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும். இப்படிப்பட்ட வழக்குகளில் நீதிமன்றங்கள், ஒப்பந்த உரிமையில் எடுத்ததால் நேர்மையில்லாத எண்ணம் இல்லை, திருட்டு வராது என்று சொல்லியிருக்கின்றன. அதற்காக அடியாட்களை அனுப்பலாம் என்று அர்த்தமில்லை. கடன் வசூலுக்கும் வண்டி பறிமுதலுக்கும் குண்டர்களைப் பயன்படுத்தக் கூடாது, சட்ட வழியில்தான் செய்ய வேண்டும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. நடுரோட்டில் மறித்தார்களா, கையைப் பிடித்து இழுத்தார்களா, வண்டிக்குள் இருந்த பணத்தையும் சேர்த்து எடுத்தார்களா, அதை எழுதுங்கள். வழிமறித்ததும் அடித்ததும் தனிக் குற்றங்கள்.

மரம், மணல், மின்சாரம் இதெல்லாம் அசையும் பொருளா?

நிலமும், நிலத்தோடு ஒட்டியிருப்பதும் அசையும் பொருள் இல்லை. ஆனால் பிரித்தெடுத்த அடுத்த நொடி அசையும் பொருளாகிவிடும். மரம் நிற்கும்வரை மரத்தைத் திருட முடியாது, வெட்டிச் சாய்த்ததும் முடியும். தேங்காயும் அப்படியே.

ஆற்று மணலுக்கும் இதுதான் அடிப்படை. கனிமச் சட்டம் தனியாக இருக்கிறதே, போலீஸ் திருட்டு வழக்கு போடலாமா என்று பல வருடம் வாதம் ஓடியது. 2014-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஆற்றுப்படுகையிலிருந்து அனுமதியில்லாமல் மணலை எடுப்பது அரசின் வசம் இருக்கிற பொருளைத் திருடுவது, கனிமச் சட்ட நடவடிக்கை ஒரு பக்கம் இருந்தாலும் திருட்டு வழக்கும் போடலாம். பாலாறும் காவிரியும் கொள்ளிடமும் என்ன நிலையில் கிடக்கின்றன என்று பார்க்கிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமை தெரியும். அரசு சொத்தைத் திருடினால் இப்போது பி.என்.எஸ். 305-ல் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு.

மின்சாரம் வேறு. கொக்கி போடுவதும் மீட்டரில் கை வைப்பதும் 2003 மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவில் வரும்.

கீழே கிடந்த ஃபோனை எடுத்து வைத்துக்கொண்டால் திருட்டா?

யார் வசமும் இல்லாத பொருள் என்பதால் திருட்டு இல்லை, 314-ல் வரும் கையாடல். ரோட்டில் கிடந்ததை எடுப்பதே குற்றமில்லை, உரியவரிடம் கொடுக்கலாம் என்று எடுத்துப் பாதுகாப்பாக வைத்திருந்தால் நல்ல காரியம். உரியவர் யார் என்று தெரிந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும், நியாயமான முயற்சியும் எடுக்காமல் போதிய காலமும் பொறுத்திருக்காமல் தனக்கென வைத்துக்கொண்டால்தான் குற்றம்.

ஃபோன் என்றால் வழி இருக்கிறது, அதுதான் நிமிடத்துக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டிருக்கிறதே. எடுத்துப் பேசாமல் சிம்மைக் கழற்றி எறிந்தால் அந்தச் செயலே மனதைக் காட்டிக்கொடுத்துவிடும். தண்டனை குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு வருடம், கூடவே அபராதம். பழைய சட்டத்தில் இந்தக் குறைந்தபட்சம் கிடையாது, அதனால் ‘சின்ன கேஸ்தானே’ என்று இனி யாரும் நினைக்க வேண்டாம். டீக்கடை மேசையில் நீங்கள் வைத்துவிட்டுக் கை கழுவப் போன இடைவெளியில் எடுத்தால் அது கையாடல் கிடையாது, நேரான திருட்டு. ஃபோன் அப்போதும் உங்கள் வசம்தான் இருந்தது.

ஃபோனைத் தொலைத்தவர்கள் புகார் கொடுத்த கையோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஃபோனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யைக் கொடுத்து முடக்கிவிடுங்கள். வேறு சிம் போட்டு ஓட்ட முடியாது.

நம்பிக் கொடுத்த பணத்தைத் தரவில்லை. திருட்டா, மோசடியா?

என்னிடம் வரும் பத்து பேரில் நாலு பேருக்கு இந்தக் கேள்விதான். கெட்ட எண்ணம் எப்போது வந்தது, பொருள் எப்படிக் கை மாறியது, இந்த இரண்டையும் பாருங்கள்.

நீங்கள் கொடுக்கவே இல்லை, அவர் எடுத்துக்கொண்டார்: திருட்டு. நீங்களே நம்பிக் கொடுத்தீர்கள், கொடுக்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, அப்புறம்தான் அவர் மனம் மாறி அமுக்கிக்கொண்டார்: நம்பிக்கை மோசடி, பிரிவு 316, ஐந்து வருடம் வரை. கணக்குப்பிள்ளையோ வேலையாளோ இதைச் செய்தால் ஏழு வருடம், அரசு ஊழியரோ வங்கியாளரோ முகவரோ என்றால் ஆயுள் வரை. ஆரம்பத்திலேயே பொய் சொல்லி, அந்தப் பொய்யை நம்பித்தான் நீங்கள் கொடுத்தீர்கள்: ஏமாற்றுதல், பிரிவு 318, பொருள் கை மாறியிருந்தால் ஏழு வருடம் வரை.

ஊர் முழுக்க எழுதப்படும் புகார்களில் ‘நம்பிக்கை மோசடி செய்து ஏமாற்றிவிட்டார்’ என்று இரண்டையும் ஒட்டி எழுதுவது பழகிவிட்டது. 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. ஒரே சம்பவத்தில் இரண்டும் சேர்ந்திருக்க முடியாது, ஒன்றில் எண்ணம் முதலிலேயே கெட்டது, இன்னொன்றில் பின்னால் கெட்டது, போலீஸுக்கே இந்த வித்தியாசம் தெரிய வேண்டும் என்று சொன்னது. ஆக, வெளிநாட்டில் வேலை வாங்கித் தருகிறேன் என்று போலி விசா காட்டிப் பணம் வாங்கினவர் ஏமாற்றியவர். அவசரத்துக்குக் கைமாற்றாக வாங்கிவிட்டுத் திருப்ப முடியாமல் நிற்பவர் கடன்காரர், அவ்வளவுதான். கடனைத் தராதது மட்டுமே குற்றம் ஆகாது, சிவில் வழக்குத்தான் வழி. கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் இதை முதல் நாளே சொல்லிவிட்டால் இரண்டு வருட அலைச்சல் மிச்சம்.

கல்யாணத்துக்குப் போட்ட நகையை மாமியார் வீட்டில் தர மறுக்கிறார்கள்?

அது பெண்ணின் சொத்து. 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சீதனம் மனைவிக்கு மட்டுமே சொந்தம், கணவர் வீட்டில் பாதுகாப்புக்காக வைத்திருப்பதால் அது கூட்டுச் சொத்து ஆகிவிடாது, கேட்டும் தராவிட்டால் நம்பிக்கை மோசடி. ‘குடும்ப நகை, பீரோவில்தானே இருக்கிறது’ என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. கல்யாண ஆல்பம், நகைக்கடை ரசீது, மொய் நோட்டு மூன்றையும் பத்திரமாக வையுங்கள். கழுத்தில் எத்தனை செயின் என்று ஃபோட்டோவே பேசும்.

பறிப்பு, வழிப்பறி, கொள்ளை, மிரட்டிப் பறிப்பது: செய்தித்தாளில் மாற்றி மாற்றி எழுதுகிறார்களே?

திடீரென்று, வேகமாக, அல்லது பலவந்தமாக ஒருவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினால் பறிப்பு, பிரிவு 304. இது பி.என்.எஸ்.ஸில் புதிது, மூன்று வருடம் வரை சிறையும் அபராதமும். திருடுவதற்காகவோ, திருடியதை எடுத்துக்கொண்டு தப்புவதற்காகவோ வேண்டுமென்றே காயப்படுத்தினால், தடுத்து நிறுத்தினால், அல்லது உடனே அடிப்பேன் கொல்வேன் என்று பயமுறுத்தினால் அது 309, சட்டத்தின் மொழியில் கொள்ளை, நம் பேச்சில் வழிப்பறி. பத்து வருடம் வரை கடுங்காவல், நெடுஞ்சாலையில் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடந்தால் பதினாலு வருடம் வரை, காயம் ஏற்படுத்தினால் ஆயுள் வரையும் போகலாம். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை, பிரிவு 310. கத்தி இருந்ததா என்பதைவிட எத்தனை பேர் என்பதுதான் இங்கே கணக்கு, அதனால் எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்பதை நிதானமாக யோசித்து எழுதுங்கள், மூன்று பேரை ஐந்தாக்க வேண்டாம்.

மிரட்டிப் பறிப்பதில் கொடுப்பது நீங்களேதான், பயத்தில் கொடுக்கிறீர்கள். கடைக்காரரிடம் மாமூல் கேட்பது, ‘ஃபோட்டோவை எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன்’ என்று சொல்லி ஜி பேயில் பணம் போடச் சொல்வது, எல்லாம் 308-ல் வரும். முன்பு மூன்று வருடமாக இருந்த தண்டனை இப்போது ஏழு வருடம் வரை உயர்ந்திருக்கிறது. பணத்தை நாமே அனுப்பிவிட்டோமே, இனி புகார் கொடுக்க முடியுமா என்று தயங்கும் பெண்கள் நிறையப் பேர். தாராளமாகக் கொடுக்கலாம், பயந்து கொடுத்தது சம்மதம் ஆகாது.

பொய் லிங்க், ஓ.டி.பி. வகை என்றால் அது ஏமாற்றுதலும் தகவல் தொழில்நுட்பச் சட்டமும். யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே 1930-க்கு அடியுங்கள், பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க வாய்ப்பு உண்டு.

வீடு புகுந்து திருடினால்?

குடியிருக்கும் வீட்டில் திருடினாலே 305, ஏழு வருடம் வரை. பூட்டை உடைத்தோ, சுவர் ஏறியோ, ஓட்டைப் பிரித்தோ இரவில் புகுந்து திருடினால் 331-ம் சேரும், பதினாலு வருடம் வரை போகலாம். நேரம் முக்கியம் என்பதால், கடைசியாக வீட்டைப் பூட்டியது எப்போது, முதலில் பார்த்தது யார், எப்போது என்று எழுதுங்கள். பேருந்தில், ரயிலில் திருடுவதும், கோயில் சாமி சிலையைத் திருடுவதும் இதே 305-ல் இப்போது தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம்வரை போய் 2014-ல்தான் திரும்பி வந்தார். ஊர்க்கோயிலில் இருக்கும் ஒவ்வொரு சிலையையும் நாலு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள், நம்முடையது என்று நிரூபிக்க அதுதான் உதவும்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்மேல் சந்தேகம். என்ன செய்வது?

சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுதுங்கள், ‘அவள்தான் எடுத்தாள்’ என்று எழுதாதீர்கள். வேலையாள் முதலாளியின் பொருளைத் திருடினால் 306-ல் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஒரு மோதிரம் காணவில்லை என்றதும் முதலில் பையைச் சோதிப்பது, அறையில் உட்கார வைத்து மிரட்டுவது, இதெல்லாம் உங்களைக் குற்றவாளி ஆக்கும். மூன்று நாள் அழுதுகொண்டு ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒரு பெண்ணுக்காக நான் ஆஜராகியிருக்கிறேன். வளையல் கடைசியில் அந்த வீட்டு வாஷிங் மெஷினின் ரப்பர் வளையத்துக்குள் கிடந்தது. அதன்பிறகு அந்தத் தெருவில் யாரும் அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை. பொய் என்று தெரிந்தே ஒருவர்மேல் குற்றம் சுமத்துவது 248-ல் தண்டனைக்குரியது. பெண்களைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது, அவர் வசிக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். சொல்கிறது. இதை வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்.

திருட்டுப் பொருள் என்று தெரியாமல் வாங்கிவிட்டேன்?

தெரிந்தோ, அல்லது திருட்டுப் பொருள்தான் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையில்லாமலோ வாங்கினால்தான் 317-ல் குற்றம், மூன்று வருடம் வரை. 40,000 ரூபாய் ஃபோனை ரசீது, பெட்டி எதுவும் இல்லாமல் 6,000-க்கு ஒருவன் தருகிறான் என்றால் ‘தெரியாது’ என்று சொல்வது கஷ்டம். திருட்டு நடந்த சில நாளிலேயே பொருள் உங்களிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று சொல்ல முடியாவிட்டால், திருடியவரோ தெரிந்தே வாங்கியவரோ என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். பழைய பொருள் வாங்கினால் விற்றவரின் ஆதார் நகல், கையெழுத்துப் போட்ட ஒரு தாள், பணம் அனுப்பிய பதிவு மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் இல்லை என்றானாலும் பொருள் உரியவருக்கே போகும், உங்கள் பணத்தை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.

போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட மாட்டேன் என்கிறார்கள்?

முதலில் பொருளின் மதிப்பைப் பாருங்கள். 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டைப் புதிய சட்டம் பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றமாக மாற்றிவிட்டது, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன் விசாரணை செய்ய முடியாது. முதல் தடவை தண்டனை பெறுபவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சிறை இல்லை, சமூக சேவைதான். பசிக்காகத் திருடியவனைச் சிறையில் அடைப்பதைவிட இது மேல் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கூலி வேலை செய்பவரின் 4,500 ரூபாய் ஃபோன் அவருக்கு ஒரு வார வருமானம், அவர் புகாரை ஸ்டேஷனில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் வேண்டும்.

மதிப்பு அதற்கு மேல் என்றால், அல்லது பறிப்பு, வழிப்பறி என்றால், பதிவு செய்தே ஆக வேண்டும். 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. எல்லை எங்களுடையது இல்லை என்றும் திருப்பி அனுப்ப முடியாது, எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்து உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். மூன்று வருடத்துக்குக் குறையாமல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு பதினாலு நாள் முதற்கட்ட விசாரணை நடத்த மட்டும் சட்டத்தில் இடம் உண்டு. புகார் வாங்கியதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ பதிவுத் தபாலில் புகாரை அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் நடக்கவில்லை என்றால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம், அந்த அட்டை அப்போது தேவைப்படும்.

நகை கிடைத்துவிட்டது என்கிறார்கள், எப்போது கைக்கு வரும்?

வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். நீதிமன்றத்தில் மனு போட்டு, ரசீதைக் காட்டி, கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பாண்டு எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஃபோட்டோவும் எடையும் பதிவு செய்துகொண்டு பொருளைச் சீக்கிரம் கொடுத்துவிட வேண்டும், ஸ்டேஷனில் மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருடியவர் தெரிந்தவர், மன்னித்துவிடலாம் என்று நினைத்தால் சாதாரணத் திருட்டு வழக்கில் பொருளுக்கு உரியவரே சமரசம் செய்துகொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. வழிப்பறியில் அந்த வழி கிடையாது.

கடைசியாக, புகாரில் என்ன எழுத வேண்டும்?

பிரிவு எண் உங்கள் வேலை இல்லை. தேதி, நேரம், இடம், பொருள் அப்போது யாரிடம் இருந்தது, எப்படி எடுத்தார்கள், எத்தனை பேர், என்ன சொன்னார்கள், உடம்பில் என்ன பட்டது, பொருளின் எடை, அடையாளம், இன்றைய மதிப்பு. பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுங்கள். ‘காணவில்லை’ என்ற சொல், உண்மையிலேயே தொலைத்தால் தவிர, வேண்டாம்.

அந்த அக்காவின் புகாரை அன்று சாயங்காலமே மாற்றி எழுதினோம். காலை ஆறே கால் மணி, பால் வாங்கப் போகிற வழி, கறுப்பு பைக், பின்னால் உட்கார்ந்திருந்தவன் கழுத்தை இழுத்தது, கீழே விழுந்தது, முழங்கை சிராய்த்தது, நாலு பவுன். அரசு மருத்துவமனையில் போட்ட சீட்டையும் சேர்த்தோம். இந்தத் தடவை எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், நகலும் கைக்கு வந்தது. அறுந்த துண்டைப் போலீஸ் மகஜரில், அதாவது கைப்பற்றிய பொருள் பட்டியலில், எழுதி வாங்கிக்கொண்டது. மாங்கல்யத்தையும் குண்டையும் அவர் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.